காலையில் ஒரு விதம், மதியம் ஒரு விதம்: ஸ்டார்ட் ஆகத் திணறிய ஒரு காரின் நிகழ்வு ஆய்வு

இந்தக் கார் எங்கள் பட்டறைக்கு வரும்போதே அதில் பேட்டரி புதிது, நான்கு ஸ்பார்க் ப்ளக்கும் புதிது, டேங்கினுள் இருக்கும் பெட்ரோல் பம்பும் புதிது. ஸ்டார்ட்டிங் ட்ரபிள் மட்டும் பழையபடியே இருந்தது. 1.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், நான்கு சிலிண்டர், இன்ஜினுக்குக் காற்று போகும் இன்டேக் மேனிஃபோல்டில், பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் உட்கார்ந்திருக்கும் வழக்கமான வகை. 92,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. இடையில் ஐந்து மாதம் வெளியே எடுக்காமல் நிறுத்தி வைத்திருந்தார்கள். திரும்ப ஓட்ட ஆரம்பித்த சில நாட்களில் தொல்லை தொடங்கியிருக்கிறது.

காரை வைத்திருந்த அம்மா சொன்னதை அப்படியே ஜாப் கார்டில் எழுதிக்கொண்டேன்: "காலையில செல்ஃப் நல்லா சுத்துது சார், ஆனா பிடிக்க மாட்டேங்குது. ரெண்டு மூணு தடவை சாவியைப் போட்டுப் போட்டு எடுத்துட்டு அடிச்சா ஸ்டார்ட் ஆயிடுது. அதையே மதியம் செஞ்சா இன்னும் மோசமாப் போகுது."

"பெட்ரோல் வாடை வருதாம்மா?"

"மதியம் வரும் சார். காலையில வந்ததே இல்ல."

இந்த ஒரு பதிலில்தான் மொத்தக் குறையும் ஒளிந்திருந்தது. அப்போது எனக்கு அது பாதிதான் புரிந்தது. காலையில் பெட்ரோல் போதவில்லை, மதியம் பெட்ரோல் ஓவர் ஆகிறது என்றால் ஒரே காரில் நேர்மாறான இரண்டு குறைகள் இருக்க வேண்டும். அப்படி இரண்டு தனித்தனிக் குறைகள் ஒரே சமயத்தில் வருவது அபூர்வம். அதனால் எதையும் கழற்றாமல் காரைத் திருப்பி அனுப்பினேன். ஒரு வாரம் குறிப்பு எழுதச் சொன்னேன். எத்தனை நேரம் நின்றது, எத்தனை நொடி செல்ஃப் அடித்தீர்கள், வாடை உண்டா, புகை உண்டா, அவ்வளவுதான். ஒரே தடவையில் பத்து நொடிக்கு மேல் செல்ஃப் அடிக்கக் கூடாது, அடுத்த தடவைக்கு முன் அரை நிமிடமாவது விட வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினேன். ஸ்டார்ட்டர் மோட்டார் இழுக்கும் கரண்ட் மிக அதிகம். விடாமல் அடித்தால் சூடாகிக் கெட்டுவிடும். அப்புறம் இல்லாத ஒரு குறையையும் சேர்த்துத் தேட வேண்டியிருக்கும்.

குறிப்பேடு

அவர் எழுதிக்கொண்டு வந்த நோட்டு, காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரின் பல அறிக்கைகளைவிடத் தெளிவாக இருந்தது. ஐந்து நிமிடம் நிறுத்தி எடுத்த எல்லா இடத்திலும் "1 செகண்ட், சரி" என்று இருந்தது. இருபத்தைந்து முதல் நாற்பது நிமிடம் வரை நின்ற இடங்களில் 8, 10, 9 என்று நொடிகள், கூடவே "வாடை, கரும்புகை, கொஞ்ச நேரம் உதறல்". மூன்று மணி நேரத்துக்கு மேல் நின்றபோது மூன்று நொடி, வாடை கிடையாது. இரவு முழுக்க நின்ற காலைகளில் ஆறேழு நொடி, பெரும்பாலும் இரண்டாவது தடவையில்.

நேரம் கூடக் கூட குறையும் நேராகக் கூடவில்லை என்பதைப் பாருங்கள். அரைமணியில் ஏறி, மூன்று மணியில் இறங்கி, விடியும்போது மறுபடி ஏறுகிறது. பேட்டரி இப்படி நடந்துகொள்ளாது. பலவீனமான பேட்டரி நேரம் ஆக ஆகத் தளரும், செல்ஃப் சத்தத்திலேயே தெரிந்துவிடும். ப்ளக்கும் கடிகாரம் பார்த்து வேலை செய்வதில்லை. நிற்கிற நேரத்தில் இன்ஜினுக்குள் ஏதோ ஒன்று மெதுவாக நடக்கிறது, அதுவும் சூட்டைப் பொறுத்து மாறுகிறது. அது பெட்ரோல் பாதையாகத்தான் இருக்கும் என்று தோன்றியது. தோன்றியதை நம்பித்தான் இதற்கு முன் பார்த்தவர்களும் பம்பை மாற்றியிருக்கிறார்கள். எனவே அளந்துவிடலாம் என்று உட்கார்ந்தோம்.

கழித்துக் கட்டியவை

காரை இரவு பட்டறையில் நிறுத்தினோம். குளிர்ந்த ஸ்டார்ட்டைப் பார்க்க ஒரு நாளுக்கு ஒரு வாய்ப்புதான். காலையில் யாராவது காரை நகர்த்த ஒரு தடவை ஸ்டார்ட் செய்துவிட்டால் அன்றைய சோதனை போச்சு. ஸ்டீயரிங்கில் "சாவி போடாதே" என்று காகிதம் ஒட்டிவிட்டுத்தான் கிளம்பினேன்.

மறுநாள் காலை பேட்டரி 12.6 வோல்ட். செல்ஃப் அடிக்கும்போது 10.4. அடிக்கும்போது 9.6-க்குக் கீழே இறங்கினால் பேட்டரியையும் கேபிளையும் சந்தேகிக்கலாம், இங்கே தேவையில்லை. பேட்டரி நெகட்டிவுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவே, செல்ஃப் ஓடும்போது 0.1 வோல்ட்தான் இழப்பு, ஆக எர்த் சரி. ஸ்கேனரில் செல்ஃப் வேகம் நிமிடத்துக்கு 240 சுற்று என்று வந்தது. அந்த எண் வருகிறது என்றாலே இன்ஜின் சுற்றுவதை உணரும் கிராங்க் சென்சாரின் சிக்னல், இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டரை அடைகிறது என்று பொருள்.

குளிர்ந்த ஸ்டார்ட் சிரமத்தில் நான் விடாமல் பார்க்கும் ஒன்று கூலன்ட் வெப்பநிலை சென்சார். சூடு ஏற ஏற இதன் மின்தடை குறையும். பல கார்களில் 20 டிகிரியில் சுமார் 2,500 ஓம், 80 டிகிரியில் சுமார் 300 ஓம். சென்சார் கெட்டு, குளிர்ந்த இன்ஜினை "80 டிகிரி" என்று சொன்னால், கம்ப்யூட்டர் குளிருக்குத் தர வேண்டிய கூடுதல் பெட்ரோலைத் தராது. ஆள் எத்தனை தடவை செல்ஃப் அடித்தாலும் பிடிக்காது. இதைச் சோதிக்க எதையும் கழற்ற வேண்டாம். இரவு முழுக்க நின்ற காரில் கூலன்ட் வெப்பமும் உள்ளே வரும் காற்றின் வெப்பமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். இந்தக் காரில் 26, 27. சென்சாரும் சரி.

அப்புறம் இன்ஜினைச் சூடாக்கி ஃப்யூவல் ட்ரிம் பார்த்தோம். புகையில் மிச்சம் இருக்கும் ஆக்ஸிஜனை அளக்கும் ஆக்ஸிஜன் சென்சார் சொல்வதை வைத்து, கணக்குப்படி போடும் பெட்ரோலில் எவ்வளவு கூட்ட வேண்டும், எவ்வளவு குறைக்க வேண்டும் என்று கம்ப்யூட்டர் பழகிக்கொண்ட சதவீதம்தான் ட்ரிம். ஐடிலிங்கில் மைனஸ் 12. ரேஸ் கொடுத்து 2,500 சுற்றில் பிடித்தால் மைனஸ் 4. கம்ப்யூட்டர் கேட்காத பெட்ரோல் எங்கிருந்தோ உள்ளே வருகிறது. அதுவும் ஒரே அளவில் வருகிறது. ஐடிலிங்கில் இன்ஜின் குடிக்கும் பெட்ரோல் குறைவு என்பதால் அந்த உபரி பெரிய பங்காகத் தெரிகிறது. வேகம் கூடியதும் அதே உபரி சிறிய பங்காகிவிடுகிறது. பெட்ரோல் பிரஷர் மொத்தமாகவே அதிகமாக இருந்திருந்தால் இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒரே சதவீதம் வந்திருக்கும்.

செக் இன்ஜின் விளக்கு ஏன் எரியவில்லை என்று அந்த அம்மா கேட்டார். மைனஸ் 12 கம்ப்யூட்டர் சமாளித்துக்கொள்ளும் வரம்புக்குள்தான் இருக்கிறது. வரம்பைத் தாண்டினால்தான் குறையைச் சொல்லும் எரர் கோட் பதிவாகி விளக்கு எரியும். விளக்கு எரியாததை வைத்து எல்லாம் சரி என்று முடிவு செய்துவிடக் கூடாது, முன்பு பார்த்த இடத்தில் அப்படித்தான் முடிவு செய்திருக்கிறார்கள்.

கேட்காத பெட்ரோலுக்கு இன்னொரு வழியும் உண்டு. டேங்கிலிருந்து எழும் பெட்ரோல் ஆவியை மேனிஃபோல்டுக்கு இழுக்கும் பர்ஜ் வால்வு மூடாமல் நின்றுவிட்டால் கிட்டத்தட்ட இதே அறிகுறிகள் வரும். குறிப்பாக டேங்க் நிரப்பிய கையோடு ஸ்டார்ட் ஆகத் திணறினால் நான் முதலில் அதைத்தான் பார்ப்பேன். இங்கே அதன் குழாயைக் கழற்றி இரண்டு முனையையும் அடைத்துவிட்டு அரைமணி நிறுத்திப் பார்த்தோம். எந்த மாற்றமும் இல்லை.

ப்ளக்குகளைக் கழற்றினோம். ஒன்று, இரண்டு, நான்கு ஆகிய மூன்றும் வெளிர் பழுப்பு. மூன்றாம் சிலிண்டர் ப்ளக் மட்டும் கரி பூசியதுபோலக் கறுத்து, நுனி ஈரமாக இருந்தது. மாற்றி ஒரு மாதம்கூட ஆகாத ப்ளக். சிலிண்டருக்குள் காற்று அழுந்தும் அளவான கம்ப்ரெஷன், வரிசையாக 12.5, 12.6, 10.8, 12.4 பார். மூன்றாவதில் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி எடுத்தால் 12.6-க்கு ஏறிவிட்டது. வால்வில் கசிவு இருந்தால் ஆயில் விட்டதும் இப்படி ஏறாது. பெட்ரோல் வழிந்து சிலிண்டர் சுவரில் இருந்த ஆயில் படலத்தைக் கழுவியிருக்கிறது. ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை மூக்கருகே கொண்டுபோனதும் பெட்ரோல் வாடை. ஆயில் அளவும் மேல் கோட்டைத் தாண்டியிருந்தது.

கேஜ் முள்

நான்கு இன்ஜெக்டருக்கும் பெட்ரோலைப் பிரித்துத் தரும் குழாயான ரெயிலுக்கு முன்னால் பிரஷர் கேஜை மாட்டினோம். சாவியை ஆன் செய்ததும் பம்ப் இரண்டு நொடி முனகி நின்றது, முள் 3.5 பாரில் போய் நின்றது. இந்தக் காருக்கு அதுதான் சரியான அளவு. சாவியை அணைத்துவிட்டு இரண்டு பேரும் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தோம். நிற்க வேண்டிய முள், கண்ணுக்குத் தெரியும் வேகத்தில் இறங்கியது. ஒரு நிமிடத்தில் 2.2. மூன்று நிமிடத்தில் ஒன்றுக்குக் கீழ். ஆறாவது நிமிடம் சுழியம்.

தொழில் பழகும் தம்பி உடனே சொன்னான்: "பம்ப் செக் வால்வுதான் அண்ணே. புது பம்பே கம்ப்ளெயின்ட்."

அவன் சொன்னது தவறான யோசனை இல்லை. பிரஷரைப் பிடித்து வைப்பது பம்பில் இருக்கும் அந்தச் சின்ன ஒருவழி வால்வுதான். முன்பு பார்த்தவர்களும் இதே முள் இறங்குவதைப் பார்த்துத்தான் பம்பை மாற்றியிருப்பார்கள். ஆனால் முள் இறங்குகிறது என்பது கசிவு இருப்பதை மட்டுமே சொல்கிறது, எந்தப் பக்கம் கசிகிறது என்பதைச் சொல்வதில்லை. பெட்ரோல் பின்னோக்கி டேங்குக்கும் போகலாம், முன்னோக்கி இன்ஜினுக்குள்ளும் போகலாம். இரண்டையும் பிரித்தால்தான் தெரியும்.

பிரிப்பதற்குப் பல பேர் பெட்ரோல் குழாயை ப்ளையர் போட்டு அழுத்துவார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். இப்போதைய கார்களில் பாதிக் குழாய் கெட்டியான நைலான். அழுத்தினால் மயிரிழை விரிசல் விழும், அது சூடான இன்ஜின் பக்கத்தில் பெட்ரோல் கசியும் இடமாக மாறும். நாங்கள் குழாய்க்கும் ரெயிலுக்கும் நடுவே ஒரு மூடுதிருகு வைத்த அடாப்டரை மாட்டினோம். பிரஷர் ஏற்றிவிட்டுத் திருகை மூடி, கேஜை டேங்க் பக்கம் வைத்துப் பார்த்தால் அரைமணி கழித்தும் 3.4. கேஜை ரெயில் பக்கம் மாற்றி மூடிப் பார்த்தால் பழையபடி ஆறு நிமிடத்தில் காலி. இந்தக் காரில் பிரஷரை அளவோடு வைக்கும் ரெகுலேட்டர் டேங்கினுள் பம்போடு சேர்ந்தே இருப்பதால் ரெயில் பக்கம் மிச்சம் இருப்பது நான்கு இன்ஜெக்டர்கள் மட்டும்தான். வெளியே எங்கும் ஈரம் இல்லை.

பம்ப் நல்ல பம்ப். பழைய பம்பும் நன்றாகத்தான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

ரெயிலைத் தூக்கியபோது

இன்ஜின் முழுக்க ஆறிய பிறகு ரெயிலின் இரண்டு போல்ட்டையும் கழற்றி, நான்கு இன்ஜெக்டரும் ரெயிலோடு சேர்ந்தபடியே மேலே தூக்கினோம். இந்த வேலையில் அவசரம் ஆகாது. முதலில் பிரஷரை இறக்க வேண்டும், இக்னிஷன் காயில் கனெக்டர்களைப் பிடுங்கி வைக்க வேண்டும், தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். ஒவ்வொரு இன்ஜெக்டரும் கிளிப்பில் இறுகி உட்கார்ந்திருக்கிறதா என்று இழுத்துப் பார்க்க வேண்டும்; 3.5 பாரில் ஒன்று தெறித்தால் பெட்ரோல் ஆளுயரத்துக்குப் பீய்ச்சும். இன்ஜெக்டர்களின் மின் கனெக்டர்களையும் கழற்றிவிட்டோம். முன்பே நான்கின் மின்தடையையும் அளந்திருந்தோம், எல்லாம் 12 ஓம் சுற்றி ஒரே மாதிரி. மின்சாரப் பக்கம் குறையே இல்லாத இன்ஜெக்டரும் ஒழுகலாம் என்பதால் அந்த அளவை வைத்து எதையும் முடிவு செய்யவில்லை.

நான்கு முனைக்கும் கீழே வெள்ளைக் காகிதம் வைத்துவிட்டுச் சாவியை ஆன் செய்யச் சொன்னேன். பம்ப் முனகி நின்றது. ஒன்று, இரண்டு, நான்கு ஆகிய மூன்றின் முனையும் உலர்ந்தே இருந்தன. மூன்றாவதின் முனையில் முதலில் ஒரு பளபளப்பு. அது திரண்டு ஒரு முத்தாகி, கொஞ்சம் நீண்டு, சொட்டியது. காகிதத்தில் ஈர வட்டம் விரிந்தது. அது விரிந்து முடிப்பதற்குள் அடுத்த சொட்டு. நொடிக்கு ஒன்று என்ற கணக்கில் விழுந்தது. இதற்கான வரம்பு காருக்குக் கார் மாறும். நிமிடத்துக்கு ஒரு சொட்டுக்குள் இருக்க வேண்டும் என்று சில கையேடுகள் சொல்லும், பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒன்றுக்குள் என்று சில சொல்லும். எந்தக் கணக்கில் பார்த்தாலும் இது ஒழுகும் இன்ஜெக்டர்.

தம்பி குனிந்து பார்த்துவிட்டு வெகு நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டான்: "ஒழுகினா எப்பவும் ஓவர்தானே அண்ணே ஆகணும்? காலையில ஏன் ஓவர் ஆகல?"

ஏன் இரண்டு விதம்

சரியான கேள்வி. இந்த வழக்கை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான்.

சூடான இன்ஜினை அணைத்ததும் கூலன்ட் ஓட்டமும் காற்றோட்டமும் நின்றுவிடும். அடுத்த அரைமணி நேரம் பானட்டுக்குள் சூடு குறைவதற்குப் பதில் ஏறும். ரெயிலில் இருக்கும் பெட்ரோல் விரிவடையும். நல்ல காரில் ரெயில் பிரஷரோடு மூடியிருப்பதால் பெட்ரோல் எளிதில் கொதிக்காது. இங்கே மூன்றாவது இன்ஜெக்டர் வழியாகப் பிரஷர் ஆறு நிமிடத்தில் போய்விடுகிறது. பிரஷர் போன பெட்ரோல் அந்தச் சூட்டில் ஆவியாகத் தொடங்கி, ரெயிலில் மிச்சம் இருப்பதையும் அதே ஓட்டை வழியாகத் தள்ளுகிறது. மூன்றாம் சிலிண்டரின் வாயிலில் பெட்ரோல் தேங்குகிறது, ஆவி மேனிஃபோல்டு முழுக்கப் பரவி மற்ற சிலிண்டர்களுக்கும் போகிறது. இந்த நிலையில் சாவியைப் போட்டுப் போட்டு எடுத்தால் ஒவ்வொரு தடவையும் பம்ப் இரண்டு நொடி ஓடி இன்னும் கொஞ்சம் பெட்ரோலை உள்ளே சேர்க்கும். அந்த அம்மா மதியம் செய்தால் மோசமாகிறது என்றது இதனால்தான்.

மூன்று மணி நேரத்தில் தேங்கிய பெட்ரோல் ஆவியாகிக் கலைந்துவிடும், கொஞ்சம் பிஸ்டன் ரிங் இடுக்கு வழியே ஆயிலிலும் இறங்கிவிடும். இரவு முழுக்க நின்றால் இன்ஜின் ஆறி, ரெயிலில் உள்ள பெட்ரோல் சுருங்கும். சுருங்கும்போது அதே ஓட்டை வழியாகக் காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். காலையில் ரெயிலில் இருப்பது பெட்ரோலும் காற்றும் கலந்த ஒன்று, பிரஷர் சுழியம். இன்ஜெக்டர் திறக்கிறது, வர வேண்டிய பெட்ரோல் வரவில்லை. இப்போது சாவியை இரண்டு மூன்று தடவை போட்டு எடுத்தால் ரெயில் நிரம்பி, பிரஷர் ஏறி, பிடித்துக்கொள்ளும். ஒரே ஓட்டைதான். மதியம் அது பெட்ரோலை வெளியே விட்டது, இரவில் காற்றை உள்ளே இழுத்தது.

இதை உறுதி செய்ய எதையும் மாற்றாமல் ஒரு சோதனை செய்து பார்த்தோம். ரெயிலைத் திரும்ப மாட்டி, நன்றாக ஓட்டிவிட்டு, முப்பது நிமிடம் நிறுத்தினோம். ஆக்ஸிலரேட்டரை அடிவரை மிதித்துப் பிடித்தபடி செல்ஃப் அடித்தோம். பெரும்பாலான இன்ஜெக்‌ஷன் கார்களில் பெடல் முழுக்க மிதிபட்ட நிலையில் செல்ஃப் அடித்தால் கம்ப்யூட்டர் பெட்ரோலை நிறுத்திவிட்டுக் காற்றை மட்டும் விடும். ஓவர் ஆன இன்ஜினைக் காய வைப்பதற்காகவே வைத்த ஏற்பாடு. மூன்று நொடியில் கரும்புகையோடு பிடித்தது. மறுநாள் காலை அதே மாதிரி அடிவரை மிதித்து அடித்தால் பிடிக்கவே இல்லை. பெடலை விட்டுவிட்டு, சாவியை மூன்று தடவை போட்டு எடுத்து அடித்தால் ஒரே நொடி.

கார்ப்பரேட்டர் காலத்துப் பழக்கத்தில் சிலர் ஸ்டார்ட் செய்வதற்கு முன் பெடலைக் குத்திக் குத்தி மிதிப்பார்கள். அப்போது ஒவ்வொரு மிதிக்கும் பெட்ரோல் உள்ளே பீய்ச்சும். இன்ஜெக்‌ஷன் காரில் அப்படிக் குத்துவதால் எதுவும் வராது. அடிவரை மிதித்துப் பிடிப்பது வேறு, குத்துவது வேறு.

வேலை

நான்கு இன்ஜெக்டரையும் ஒலி அதிர்வால் அழுக்கை எடுக்கும் அல்ட்ராசோனிக் தொட்டியில் போட்டுச் சுத்தம் செய்தோம். ஐந்து மாதம் நின்ற பெட்ரோல் பிசினாகி, இன்ஜெக்டரை மூடும் ஊசி உட்காரும் இடத்தில் ஒட்டியிருக்கலாம், கழுவினால் சரியாகலாம் என்ற நம்பிக்கை இருந்தது. மூன்றாவதில் சொட்டு வெகுவாகக் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. நிமிடத்துக்கு இரண்டு மூன்று விழுந்தது. இன்னொரு தடவை போட்டும் அதே கதை, ஊசி உட்காரும் இடமே தேய்ந்திருக்க வேண்டும். டேங்கில் ஊற்றும் கிளீனர் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டார்கள். லேசான படிவத்துக்கு அது உதவும். இந்த அளவு ஒழுகலுக்கு அதை நம்பி இன்னும் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆயிலில் பெட்ரோல் கலந்து பேரிங்குகளைத் தேய்க்கும், எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சூடாக்கிக் கெடுக்கும்.

மற்ற மூன்றும் சோதனை பெஞ்சில் ஒரே அளவு தெளித்தன, ஒழுகலும் இல்லை. எனவே மூன்றாவதை மட்டும் அதே பார்ட் நம்பரில் புதிதாகப் போட்டோம், அதன் தெளிப்பும் மற்ற மூன்றோடு ஒத்துப்போகிறதா என்று பெஞ்சில் பார்த்த பிறகுதான். நான்கிற்கும் புது ஓ-ரிங் (ரப்பர் வளையம்), சொட்டு ஆயில் தடவி. மூன்றாவது ப்ளக் மாற்றம். பெட்ரோல் கலந்த ஆயிலை இறக்கிவிட்டு ஆயிலும் ஃபில்ட்டரும் புதிது. கம்ப்யூட்டர் பழகி வைத்திருந்த ட்ரிம்மை ஸ்கேனரில் அழித்தோம்.

முள் இப்போது அரைமணி கழித்தும் 3.3-ல் நின்றது. ஐடிலிங்கில் ட்ரிம் மைனஸ் 1, 2,500 சுற்றில் சுழியம். அரைமணி சூட்டில் நிறுத்தி எடுத்தால் ஒரு நொடி, இரவு நிறுத்தி எடுத்தாலும் ஒரு நொடி. அந்த அம்மாவிடம் நோட்டைத் திருப்பிக் கொடுத்து, இன்னும் ஒரு வாரம் எழுதச் சொன்னேன். 500 கிலோமீட்டர் ஓடியபின் கம்ப்ரெஷன் பார்க்க வந்தபோது நோட்டையும் கொண்டு வந்தார். எல்லா வரியிலும் ஒன்று, ஒன்று, ஒன்று. மூன்றாம் சிலிண்டர், ஆயில் எதுவும் விடாமல், 12.3 பார்.